மோர் குடிக்க வந்த மேகம்

தூத்தலூருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் என்றைக்கோ ஒரு நல்ல மழைநாளில் நனைந்துகொண்டே வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தக் கரிசல் மண்ணில் தூத்தல் விழுந்ததே அபூர்வம், பெயர் மட்டும்தான் ஈரமாக நின்றது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த, காக்கைகள் பறக்கச் சோம்பி நிழல்விட்டு நிழல் நடந்தே போன, வேப்பமரம்கூட வெயிலுக்குப் பயந்து தன் நிழலைக் காலடியில் சுருட்டி வைத்துக்கொண்ட ஒரு சித்திரை மாதத்துக் காலையில், சீனித்தாய் தன் வீட்டு அடுப்படியில் குத்தவைத்து மோர் கடைந்துகொண்டிருந்தபோது, புறவாசல் வழியாக ஒரு மேகம் உள்ளே வந்து பானையில் வாயை வைத்தது.

பக்கத்து வீட்டு மாடத்தியின் வெள்ளைக் கன்றுக்குட்டி என்றுதான் சீனித்தாய் முதலில் நினைத்தாள். அன்றைக்கு அது அந்த அளவுதான் இருந்தது. "சீ, அங்கிட்டுப் போ" என்று மத்துக் கயிற்றை விட்டுவிட்டு ஒரு தட்டு தட்ட, கை முழங்கைவரை உள்ளே போய்க் குளுகுளுவென்று நனைந்து திரும்பி வந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் அதை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்கு முகம் என்று ஒன்று இல்லை, ஆனால் எந்தப் பக்கம் பசி இருக்கிறது என்பது தெரிந்தது. வெண்ணெயை வழித்து எடுத்து வைத்துவிட்டு, மீதி மோரை அப்படியே அதன் பக்கம் தள்ளிவைத்தாள். வந்த வாய்க்கு ஊற்றாமல் மூடி வைத்த பானையில் பூஞ்சைதான் பிடிக்கும் என்பது அவளுடைய கொள்கை. வந்தது எவருடைய வாய் என்று அவள் என்றைக்குமே விசாரித்ததில்லை.

அவள் மோருக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. சாயங்காலம் எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி பழைய மோரை உறை குத்தி, மண்பானையைப் பிரிமணையில் உட்காரவைத்து வெள்ளைத்துணி கட்டிவிட்டால், விடியற்காலையில் தயிர் வெட்டி எடுக்கிற பதத்தில் நிற்கும். அதைக் கடைந்து, வெண்ணெய் திரண்டதும் எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு விளாவி, இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்டு, பெருங்காயம் கரைத்து, உப்புப் போட்டு, கடைசியில் ஒரு நாரத்தை இலையைக் கிழித்து மேலே மிதக்கவிடுவாள். வெயிலில் வந்தவன் ஒரு செம்பு குடித்தால் ஏப்பம் விடுவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவான். மேகமும் அதைத்தான் செய்தது. பானை காலியானதும் ஒரு பெருமூச்சு விட்டு, அடுப்படித் தரையில் பரவிப் படுத்துக்கொண்டது.

மத்தியானம் அவள் புருஷன் அய்யாத்துரை வந்தான். அவன் தண்ணி லாரி ஓட்டுகிறவன். பக்கத்து ஊர் ஆழ்குழாய்க் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்து தூத்தலூருக்குக் குடிக்கக் கொடுப்பதுதான் அவன் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏ புள்ள, என்ன இது?"

"மேகம்."

"எதுக்கு வந்திருக்கு?"

"மோர் குடிக்க."

"குடிச்சிருச்சா?"

"குடிச்சிட்டுத்தான் படுத்திருக்கு. மிதிச்சிராதீக."

அய்யாத்துரை தாண்டிக் காலை வைத்துப் போய், ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு, "எனக்கு ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா, இல்ல எல்லாம் விருந்தாளிக்கா?" என்று கேட்டான். மிச்சம் இல்லை. அன்றைக்கு அவன் வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டான், ஆனால் சாப்பிட்ட பிறகு மேகத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தவன் சாயங்காலம் விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்கவில்லை. பல வருஷமாக அந்த வீட்டில் எவரும் அப்படிக் குளிரத் தூங்கியதில்லை.

மறுநாளே விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. முதலில் வந்தவள் மாடத்தி. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்தாள். "மதினி, உங்க வீட்டுக்கு ஆரு வந்தா எனக்கென்ன, ஆனா அதைக் கொல்லைப்பக்கம் விடாதீக. மொட்டமாடியில மோர்மிளகா காயப் போட்டிருக்கேன். நெழலு அப்படியே அதுமேல வந்து விழுது." சீனித்தாய் மன்னிப்புக் கேட்டு, மேகத்தைக் கிழக்குப் பக்கமாகப் பத்திக்கொண்டு போனாள். கிழக்குப் பக்கத்தில் எருமை கட்டிக் கிடந்தது. எருமை அண்ணாந்து பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு நிழலின் நடுவில் போய் மடங்கிப் படுத்து அசைபோட ஆரம்பித்தது. அந்த வாரம் முழுக்க அது இரண்டு செம்பு பால் கூடுதலாகக் கறந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் சங்கரவேலு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது வெளியூர் மேகமா, நம்ம எல்லைக்குள் உண்டானதா என்று கேட்டார். மேற்கே மலையாளத்துப் பக்கம் போகிற கூட்டத்தில் இருந்து பிந்தியது என்று டீக்கடை இசக்கி சொன்னான். வங்காள விரிகுடாவில் போன கார்த்திகையில் வந்த புயலின் குட்டி என்று சிலர் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து ரோஸ்லின் டீச்சர், நீராவி குளிர்ந்தால் மேகம் என்று புத்தகத்தில் இருப்பதாகவும், அது எதைக் குடிக்கும் என்று புத்தகத்தில் போடவில்லை என்றும் சொன்னார். இந்தப் பேச்சு இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதைக் கேட்க ஆளில்லை, ஏனென்றால் அதற்குள் ஊருக்கு வேறு அவசரமான கேள்விகள் வந்துவிட்டன: ஊரில் நடக்கப்போகிற கல்யாணத்துக்கு மேகத்தை அனுப்புவீர்களா, மாட்டீர்களா? அனுப்பினால் பெண் வீட்டுக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கா?

சீனித்தாய் அனுப்பினாள். பெண்ணழைப்பில் மேகம் முன்னால் போக, நாதசுரக்காரர் நனைந்த சீவாளியை உதறி உதறி வாசிக்க, தெருப்புழுதியில் வெறுங்காலோடு நடந்து வந்த பெண்ணுக்கு முகத்தில் பூசிய பவுடர் கலையவில்லை, முடி மட்டும் லேசாகச் சுருண்டிருந்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது. ரோஸ்லின் டீச்சர் தகரக் கூரை போட்ட வகுப்பைப் பூட்டிவிட்டு மேகத்தடியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அம்மன் கோயில் பொங்கலுக்கு அது வந்து நின்றபோது பூசாரி அதற்கும் ஒரு துளி திருநீறு வைத்தார். திருநீறு கரைந்து உள்ளே போய், அன்றைக்கெல்லாம் மேகத்தின் நெற்றிப்பக்கம் கொஞ்சம் கூடுதல் வெளுப்பாகத் தெரிந்தது.

குடிக்கக் குடிக்க அது வளர்ந்தது. கன்றுக்குட்டி அளவில் இருந்தது வைக்கோல்படப்பு அளவுக்கு வந்து, பிறகு வீட்டுக்குள் நுழைய முடியாமல் கூரைக்கு மேல் உட்கார்ந்து, வாயை மட்டும் புறவாசல் வழியாக நீட்டிக் குடித்தது. ஒரு வீட்டு மோர் அதற்குப் போதவில்லை. ஊர் கூடித் தெருவுக்குத் தெரு மோர் வைப்பது என்று முடிவானது, காலையில் சூரியன் பனைமரத்து உயரம் வருவதற்குள் வீட்டு வாசலெல்லாம் பானைகள் உட்கார்ந்திருக்கும், மேகம் தெருவின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைவரை குடித்துக்கொண்டே போகும். எந்த வீட்டு மோர் எப்படி என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடத்தி மிளகாயை அள்ளிப் போடுகிறவள், அவள் வீட்டைத் தாண்டும்போது மேகத்தின் வயிற்றுக்குள் மினுக் மினுக்கென்று சின்ன மின்னல் அடிக்கும். இசக்கி பெருங்காயம் போட மறந்த நாளெல்லாம் மத்தியானம்வரை உள்ளே குடுகுடுவென்று இடி உருளும். தலைவர் வீட்டு அம்மா பாலைவிடத் தண்ணீரை நம்புகிறவர், அந்த வாசலில் மேகம் மரியாதைக்கு வாய் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த அம்மா சங்கடப்பட்டுப்போய், அந்த வாரமே இன்னொரு எருமை வாங்கச் சொல்லித் தலைவரிடம் சண்டை போட்டார்.

மேலத்தெருவில் குடித்து முடித்த மேகம் ஒருநாள் தானாகவே ஓடையைத் தாண்டிக் கீழத்தெருவுக்குப் போனது. அங்கே குருவம்மா என்று ஒருத்தி, ஆட்டுப்பாலில் உறை குத்துகிறவள், பானையைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றாள். மேகம் அவள் வாசலைவிட்டு நகரவே இல்லை. மேலத்தெருப் பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அங்கே குடித்த வாயோடு இங்கே வரலாமா என்று ஒருவர் கேட்டே விட்டார். சீனித்தாய் சொன்னாள்: "பெரியப்பா, அது வயித்துக்குள்ள உங்க வீட்டு மோரு எது, குருவம்மா மோரு எதுன்னு பிரிச்சுக் குடுங்க. நான் வெவ்வேற பானையில பிடிச்சு வைக்கிறேன்." இரண்டு நாள் கழித்துச் சீனித்தாயே ஒரு தூக்குவாளியோடு ஓடையைத் தாண்டிப் போய்க் குருவம்மாவிடம் ஒரு கரண்டி உறைமோர் கேட்டாள். பிறகு மாடத்தி போனாள். பிறகு யார் போனார்கள், யார் போகவில்லை என்று எவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ஏனென்றால் ஓடையில் ஒற்றையடிப்பாதையே விழுந்துவிட்டது.

சீனித்தாய்க்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது. உப்பு. மோரில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக விழுந்த நாளில் மேகம் குடித்து முடித்ததும் படுக்காது. கிழக்கே, பார்வைக்குத் தட்டாத தூரத்தில் கடல் இருக்கிற திசையில் திரும்பி, தாயைப் பிரிந்த கன்று மாதிரி நின்றுகொண்டே இருக்கும். அப்போது அதன் விளிம்பெல்லாம் பிசிறு பிசிறாகும். இரண்டு தடவை அப்படிப் பார்த்த பிறகு அவள் உப்பு போடுவதை நிறுத்திவிட்டாள். மற்ற வீடுகளுக்கும், "அதுக்கு உப்பு ஆகாது, சளி பிடிக்கும்" என்று சொல்லிவைத்தாள். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் கண் விழித்ததும் கூரைமேல் அது இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

வைகாசி பிறந்தது. வெயில் இன்னும் ஒரு சுற்று இறுகியது. ஊர்க்கிணற்றில் வாளி தரைதட்டி, தண்ணீருக்குப் பதிலாகச் சேறு ஏறியது. ஒருநாள் அய்யாத்துரையின் லாரி வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான இடத்தில் நின்றது, குடங்கள் வரிசையில் நின்றன, அவன் இறங்கிக் குழாயைத் திறக்கவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த ஊருலயும் வத்திருச்சு. காத்துதான் வருது."

அன்றைக்குச் சாயங்காலம் ஊர் கூடியது. மேகம் எல்லார் தலைக்கும் மேலே, கோயில் முன்வாசல் முழுக்க நிழல் போட்டு நின்றது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சீனித்தாயி, நான் சொல்றதத் தப்பா எடுத்துக்கிறாத. மேகம்னா பெய்யணும். அதுக்குத்தான ஊரே மோர் ஊத்துச்சு?"

"நான் அதுக்கு ஊத்தலங்க. தாகம்னு வந்துச்சு, ஊத்துனேன். விருந்தாளிகிட்ட வாடகை கேக்கவா?"

"நமக்கே தாகமா இருக்கே தாயி."

"பெஞ்சா அது தீந்துபோயிருமே."

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று செய்து பார்த்தார்கள். கொட்டடித்தார்கள், கெஞ்சினார்கள், தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைக் கொளுத்தினார்கள். வெடிச் சத்தத்துக்கு மேகம் பயந்து, இருக்கிற உடம்பையெல்லாம் சுருக்கிக்கொண்டு ஓடிவந்து, சீனித்தாயின் வீட்டுக்குள் நுழையப் பார்த்து, பாதி உடம்பு கட்டிலுக்கடியிலும் பாதி கொல்லையிலுமாகக் கிடந்து நடுங்கியது. அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "எவனாவது இன்னொரு வெடி கொளுத்துனா மத்தாலேயே மண்டையப் பொளந்துருவேன்" என்று கத்தினாள். சீனித்தாய் கத்தி அந்த ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. எல்லாரும் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலையில் அவள் கொல்லைவேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாடத்தி ஊர்க்கிணற்றுச் சேற்றை ஒரு வேட்டித்துணியில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்குகிற தண்ணீரைச் செம்பில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், உள்ளே பச்சைக்குழந்தை அழுதது. வாய்க்கு வாய் சண்டை பிடிக்கிற மாடத்தி, அன்றைக்கு ஏறிட்டுப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. மறுபடி குனிந்து துணியைப் பிழிந்தாள்.

சீனித்தாய் உள்ளே வந்து, அரிசிப்பானைக்குப் பக்கத்தில் இருந்த கல்லுப்பு ஜாடியைத் திறந்தாள். கை நிறைய அள்ளி, அன்றைக்குக் கடைந்த மோரில் போட்டுக் கலக்கினாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"உன்னப் பெய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்று அதனிடம் சொன்னாள். "இருன்னு சொல்லவும் இனி வாய் வராது. உன் சனத்துகிட்டப் போ. போற வழியில மனசிருந்தா எங்க நெலமையச் சொல்லு."

மேகம் குடித்தது. பானையின் அடிவரை குடித்தது. எழுந்தது, கிழக்கே திரும்பியது, பிசிறிய விளிம்பை அவள் தலைமேல் ஒருதடவை இழுத்துவிட்டு, பனைமரங்களுக்கு மேலே ஏறிப் போயேபோய்விட்டது. அவள் தலைமுடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் நின்றது. வெயில் அதையும் உடனே வாங்கிக்கொண்டது.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. கையில் இருந்த மழையைத் துரத்திவிட்டாள் என்றார்கள். டீக்கடையில் அவள் பேர் அடிபட்டபோது அய்யாத்துரை டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். தண்ணீர் தேடி வேறு வேறு ஊருக்கு லாரியை ஓட்டினான், எங்கெங்கோ அலைந்து பாதித் தொட்டியோ கால் தொட்டியோ கொண்டுவந்தான். முதல் குடத்தைத் தன் வீட்டுக்கு எடுக்கவில்லை. ஊருக்குக் கொடுத்து முடித்துக் கடைசியாக மிஞ்சியதைக் கொண்டுவந்து வைத்தான். சீனித்தாய் பழக்கத்தை விடாமல் பால் காய்ச்சினாள், உறை குத்தினாள், கடைந்தாள், வாசலில் வைத்தாள். மோர் குடிக்க எவரும் வரவில்லை. குருவம்மா மட்டும் ஓடையைத் தாண்டி வந்து ஒரு செம்பு குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படியே நாள் போய், ஆனி பிறக்கப்போகிற சமயத்தில் ஒரு உச்சிவேளை, ஊருக்கு வெளியே தார்ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. அய்யாத்துரை கையை ஹாரனில் வைத்தபடியே ஊருக்குள் வந்தான். லாரியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏ சீனி! பானை பத்தாது! அண்டாவ எடு!" என்று கத்தினான்.

அவனுக்குப் பின்னால் கிழக்கு வானம் முழுக்க வந்துகொண்டிருந்தது. மேய்ச்சலுக்குப் போய்த் திரும்புகிற மந்தை மாதிரி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, முன்னால் வந்தவை பின்னால் வருகிறவற்றுக்காக நின்று நின்று, சாம்பல் நிறத்தில், ஈய நிறத்தில், யானை நிறத்தில், குட்டிகளும் கிழடுகளுமாக மேகங்கள். எல்லாம் தாகத்தோடு வந்தன. எல்லாவற்றின் முகமும் தூத்தலூரைப் பார்த்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் வழிகாட்டிக்கொண்டு, மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளுப்பாக ஒன்று வந்தது.

ஊர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. பந்திக்கு ஆள் வந்துவிட்டால் வாய் பார்த்துக்கொண்டா நிற்பார்கள்? கோயில் அண்டாக்கள் உருண்டு வந்தன. வீட்டில் இருந்த தயிரெல்லாம் வந்தது, இசக்கி கடைப் பால் வந்தது, ரோஸ்லின் டீச்சர் சத்துணவுக் கூடத்துத் தவலைகளைப் பிள்ளைகளை விட்டுத் தூக்கிவரச் செய்தார், கீழத்தெருவில் இருந்து குருவம்மாவும் அவள் சனமும் ஆட்டுத் தயிரைக் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள், மத்து கிடைக்காதவர்கள் வேப்பங்கொம்பை வெட்டிக் கடைந்தார்கள், கோயில் வாசல் முழுக்கத் தயிர் கடைகிற சத்தம் கர்புர் கர்புரென்று எழுந்தது. எல்லாம் சரி. ஆனால் கடைந்த தயிர் கெட்டியாக, அண்டாவுக்குள் அடியில் ஒரு முழம்தான் நின்றது. மோராக வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் இருந்தது, ஒவ்வொரு வீட்டிலும் மூடி போட்டு, துணி கட்டி, சாமி மூலையில் வைத்த கடைசிக் குடம். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மத்துகள் நின்றுவிட்டன.

"அதையும் ஊத்திட்டு, மழை வரலைன்னா?" என்றார் தலைவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கேள்வி எல்லார் வயிற்றிலும் இருந்தது, அவர் வாயில் வந்தது, அவ்வளவுதான்.

ஊற்றுங்கள் என்று ஊரைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று சீனித்தாய்க்குத் தோன்றியது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடத்தி வந்தாள். இடுப்பில் குடம் இருந்தது. சேற்றை வடித்து வடித்துச் சேர்த்த குடம். பின்னால் அவள் மகள் கைக்குழந்தையோடு நின்றாள்.

"தாகத்தோட வாசல்ல வந்து நிக்கிறவுகள வச்சுக்கிட்டுக் கணக்குப் பாக்குறீகளாக்கும்?" என்றாள் மாடத்தி. குடத்தை அண்டாவில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துப் பிடித்தாள். பிறகு சீனித்தாயின் பக்கம் திரும்பி, "உப்பு நீங்க போடுங்க மதினி. எனக்குப் பதம் தெரியாது" என்றாள்.

அதற்குப் பிறகு குடங்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. தலைவரும் தன் வீட்டுக் குடத்தைத் தானே தலையில் தூக்கி வந்து ஊற்றினார், வேட்டியெல்லாம் நனைந்தது. சீனித்தாய் அண்டா அண்டாவாகப் போய், தூக்கலாக விழாமல் அளவாக உப்புப் போட்டாள், நாரத்தை மரத்தையே உருவிப் போட்டாள். ஊரில் குடிக்க ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை என்ற நிலையில், மேகங்கள் இறங்கி வந்து குடிக்க ஆரம்பித்தன.

குடித்தன, பெருமூச்சு விட்டன. ஆயிரம் மேகம் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டால் எப்படி இருக்கும்? முதலில் காற்று வந்தது. வருஷக்கணக்காகத் தெருவில் கிடந்த புழுதி எழுந்து ஊரைவிட்டே ஓடியது. பிறகு மண் வாசனை வந்தது. பிறகு ஒரு துளி, அண்டாவின் விளிம்பில் விழுந்து ணங்கென்றது. எல்லாரும் அந்த ஒரு சத்தத்தைக் கேட்டார்கள். அதற்கு அடுத்த சத்தம் தனியாகக் கேட்கவில்லை.

மழை தூத்தலூரின் மேல் அப்படியே உட்கார்ந்தது. அய்யாத்துரை லாரித் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்று ஆடினான். அவன் ஆடுவான் என்பதே அவன் பெண்டாட்டிக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அவள் அதைக் கொஞ்சம்தான் பார்த்தாள். மந்தையில் இருந்து ஒன்று மட்டும் பிரிந்து, வழக்கமான பாதையில், கூரைகளுக்கு மேலே தாழ்ந்து அவள் வீட்டுப் பக்கம் போவதைக் கண்டு பின்னாலேயே ஓடினாள்.

கொல்லையில் அது அவளுக்காகக் காத்திருந்தது. அவள் பானையை எடுத்து வந்து காட்டினாள். அதற்கு வேண்டியிருக்கவில்லை. கீழே கீழே இறங்கி, அவள் தலையை, தோளை, பானை பிடித்த கைகளைச் சுற்றிக்கொண்டது, முதல் நாள் முழங்கைவரை அடித்த அதே குளிர்ச்சி இப்போது உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால்வரை இறங்கியது. பிறகு பெய்தது. அவள் நகரவில்லை. "பெய்யி, பெய்யி, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அழுதாளா, சிரித்தாளா என்று பார்த்தவர்கள் யாருமில்லை, எருமை மட்டும்தான் இருந்தது. வெளுப்பாக இருந்தது மெலிந்து, மெலிந்து, புகை போல ஆகி, கடைசியில் அவள் மேல் விழுந்துகொண்டிருந்த மழையும் ஊரின்மேல் விழுந்த மழையும் ஒரே மழையாகிவிட்டது.

ராத்திரியெல்லாம் பெய்தது. மறுநாளும் பெய்தது. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலிங்கு வழியாக வெளியே விழுந்தது. ஓடையில் வெள்ளம் போனதால் மேலத்தெருவும் கீழத்தெருவும் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று, ஆனாலும் போனார்கள். சீனித்தாய்க்குக் கடுமையான சளி பிடித்தது. மோரைத் தொடக்கூடாது என்று அய்யாத்துரை பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டான், தானே சுக்குத் தட்டிக் கஷாயம் போட்டுக் கொடுத்தான், அது வாயில் வைக்க முடியாமல் இருந்தது. ஊர் ஆளுக்கொரு கிண்ணத்தோடு பார்க்க வந்தது. மாடத்தி பேரப்பிள்ளையைத் தூக்கிவந்து அவள் மடியில் போட்டாள். யாரும் மேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்து கேட்கவில்லை. அவள் மட்டும் காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை காலியாக, கழுவிவிட்டது போல இருந்தது.

மழை விட்ட மறுநாள் விடியற்காலையில் அய்யாத்துரை அவள் தலைக்குத் துண்டைக் கட்டி, "வா, கண்மாயப் பாத்துட்டு வரலாம். நெறைஞ்ச கண்மாய நானே பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று கூட்டிக்கொண்டு போனான். கரைமேல் ஏறினார்கள். எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. கிழக்கே சூரியன் அப்போதுதான் விளிம்பு காட்டியது, அந்த முதல் வெளிச்சம் பட்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் புகைந்தது. வெள்ளையாக, மெல்லியதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக நீரைவிட்டு எழுந்து, எழத் தெரியாமல் மறுபடி உட்கார்ந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. சிலது ஆட்டுக்குட்டி அளவு, சிலது கோழிக்குஞ்சு அளவு.

அவற்றில் ஒன்று கரையோரமாகத் தத்தி வந்து, சீனித்தாயின் காலடியில் நின்று, முகமே இல்லாத முகத்தை நிமிர்த்தியது. எந்தப் பக்கம் பசி இருக்கிறது என்பது தெரிந்தது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகினாள்.

"வாங்க, வெரசா வீட்டுக்குப் போவோம்," என்றாள் புருஷனிடம். "பானைய எறக்கணும். எல்லாம் பச்சப்புள்ளைக, ஒறைப்புத் தாங்காது. இஞ்சி, மொளகா போடாமத் தனியாக் கடையணும்."